கடலில்லாத ஊரில் கரைகளின் பெயர்கள்

டெல்லியிலிருந்து கடலைத் தொட வேண்டுமென்றால் குஜராத்தின் காம்பே வளைகுடா வரை எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும். ஆனாலும் இந்தியா கேட் புல்வெளியில் நின்று அந்த 42 மீட்டர் உயர வளைவின் மேற்பகுதியை அண்ணாந்து பார்த்தால், அங்கே பொறித்திருக்கும் இடங்களில் பல கடல் வழியாகப் போய்ச் சேர்ந்தவை. மெசபடோமியா, கிழக்கு ஆப்பிரிக்கா, கல்லிபொலி. முதல் உலகப் போரில் அந்தக் கரைகளில் இறங்கிய இந்தியச் சிப்பாய்கள் பலருக்குத் துறைமுகமும் கிடையாது, படிக்கட்டும் கிடையாது. பகைவர் கையில் இருந்த கரையில், படகிலிருந்து தண்ணீருக்குள் இறங்கி நடந்து ஏறினார்கள்.

1921இல் அடிக்கல் நாட்டி 1931இல் திறந்துவைக்கப்பட்ட அந்த வளைவு, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் படையினரின் நினைவாக எட்வின் லட்யென்ஸ் வடிவமைத்தது. அதற்கு அந்தப் பக்கம், 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய போர் நினைவகம். விடுதலைக்குப் பிறகு இறந்த வீரர்களின் பெயர்கள் அங்கே கருங்கல் வில்லைகளில் பொன்னெழுத்தில், வட்டச் சுவர்களாக நிற்கின்றன. 1971 போரின் பெயர்களும் அவற்றில் உண்டு. அந்தப் போரிலும் இந்தியா கடலிலிருந்து ஒரு கரையில் இறங்கியது.

கடல்வழித் தரையிறக்கம் என்றாலே பீரங்கியும் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வரும். எதிரி ஒரு குண்டுகூடச் சுடாத கரையிலும் ஆட்கள் செத்திருக்கிறார்கள், வண்டிகள் மூழ்கியிருக்கின்றன. காரணம் எளிது. கப்பல்கள் ஆழம் அளந்து வரைந்த கடல் வரைபடம் கரைக்குச் சற்று முன்பே நின்றுவிடும். அதற்கு மேல் வந்தால் அளக்கும் கப்பலே தரைதட்டும். நிலத்தை அளப்பவரின் வரைபடமோ காய்ந்த மணலோடு முடிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள சில நூறு மீட்டர் அகலப் பட்டை யாருடைய வரைபடத்திலும் சரியாக இருக்காது. அந்த நினைவுக் கற்களில் உள்ள பெயர்களில் சில, அந்தப் பட்டைக்குக் கொடுத்த விலை.

எந்த மணிக்கு எவ்வளவு தண்ணீர்?

முதல் சிக்கல், கடல்மட்டம் நிலையாக நிற்பதில்லை. சென்னையில் ஓதம் ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டர். கங்கை கடலில் கலக்கும் இடத்தில் ஐந்து மீட்டர் வரை போகும். காம்பே வளைகுடாவின் பவநகரில் பத்து மீட்டர். காலையில் படகு மிதந்த இடத்தில் மாலையில் மாடு மேயலாம்.

நிலாவின் இழுப்பால் வரும் ஏற்றம் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை. சூரியனுடையது 12 மணிக்கு ஒருமுறை. இரண்டும் ஒத்துப்போகும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிதாக இருக்கும். அரைநிலா நாட்களில் ஒன்றையொன்று தடுத்துச் சுருங்கிவிடும். நிலா பூமிக்கு அருகில் வருவது, விலகுவது, வடக்கிலும் தெற்கிலும் சாய்வது என ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளம் உண்டு. ஒரு துறைமுகத்தின் ஓதம் இப்படிப் பல தாளங்களின் கூட்டல். 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கூட்டலைப் போட ஒரு பித்தளை இயந்திரமே செய்தார்கள். ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு கப்பி, அதனதன் வேகத்தில் மேலும் கீழும் போகும். எல்லாக் கப்பிகளையும் சுற்றி ஒரே கம்பி. கம்பியின் முனையில் பேனா. கைப்பிடியைச் சுற்றினால், எல்லா அசைவுகளும் கம்பியில் தாமாகவே கூடி, வரப்போகும் ஆண்டின் கடல்மட்டம் காகிதத்தில் கோடாக ஓடும். இந்தியத் துறைமுகங்களுக்கென்றே 1879இல் எட்வர்ட் ராபர்ட்ஸ் இப்படி ஒன்றை வடிவமைத்தார். பிற்பாடு அது டேராடூனில் உள்ள இந்திய நில அளவைத் துறைக்கு வந்து சேர்ந்தது.

கணக்கு தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பசிபிக் கடலின் தராவா தீவு சாட்சி. 1943 நவம்பர் 20ஆம் தேதி அமெரிக்கப் படை அங்கே இறங்கியது. படகுகள் மிதக்கச் சுமார் நான்கு அடித் தண்ணீர் வேண்டும். பவளப்பாறைத் திட்டின் மேல் இருந்ததோ மூன்றடிதான். அன்று நிலா தேய்ந்து பாதியாகியிருந்தது. போதாக்குறைக்கு பூமியிலிருந்து ஆகத் தொலைவிலும் இருந்தது. இழுப்பு இரண்டு வகையிலும் குறைந்ததால் தண்ணீர் ஏறவே இல்லை. படகுகள் பாறையில் சிக்கிக்கொள்ள, வீரர்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் தூரத்தைக் குண்டுமழையில் நடந்தே கடந்தார்கள். மூன்று நாட்களில் சுமார் ஆயிரம் அமெரிக்கர்கள் இறந்தார்கள்.

இந்தக் கணக்குக்கும் டெல்லிக்கும் ஒரு தொடர்பு உண்டு. டெல்லி கடல்மட்டத்திலிருந்து இருநூற்றுச் சொச்சம் மீட்டர் உயரம் என்கிறோமே, எந்தக் கடல்மட்டம்? சென்னை, நாகப்பட்டினம், கொச்சி, மும்பை, கராச்சி உட்பட ஒன்பது துறைமுகங்களில் ஆண்டுக்கணக்காக ஓதத்தை அளந்து, அதன் சராசரியை அடிப்படையாக வைத்து 1909இல் முடித்த கணக்கு அது. வட இந்திய ரயில் நிலையப் பலகைகளில் எழுதியிருக்கும் உயரங்களுக்கு நாகப்பட்டினத்துக் கடலும் ஒரு பொறுப்பாளி. இன்னொன்று, நிலாவின் இழுப்பு தண்ணீரோடு நிற்பதில்லை, பாறையும் வளையும். டெல்லியின் தரை, இந்தியா கேட்டையும் சுமந்துகொண்டு, தினம் இரண்டு முறை சென்டிமீட்டர் கணக்கில் ஏறி இறங்குகிறது. சுற்றிலும் எல்லாமே சேர்ந்து அசைவதால் யாருக்கும் தெரிவதில்லை.

திட்டும் பள்ளமும்

தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்று தெரிந்துவிட்டால் போதுமா? தரை எப்படி இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். மணல் கரை சீராகச் சரிந்து ஆழமாகிக்கொண்டே போகும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படிப் போவதில்லை என்பது பழைய சென்னையின் படகோட்டிகளுக்கு அத்துப்படி. செயற்கைத் துறைமுகம் கட்டுவதற்கு முன்பு, சென்னைக்கு வந்த கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் ஏறி, வரிசை வரிசையாக உடையும் அலைகளைத் தாண்டித்தான் கரைக்கு வர முடியும். மசூலாவின் பலகைகளை ஆணி அடித்து இறுக்கமாட்டார்கள், கயிற்றால் தைத்திருப்பார்கள். தரையில் மோதினால் படகு நெளிந்துகொடுக்கும், உடையாது.

அலைகள் ஏன் வரிசையாக உடைகின்றன? தண்ணீரின் ஆழம் அலையின் உயரத்தைவிடச் சற்றே அதிகமாக இருக்கும் இடத்துக்கு வந்ததும் அலை நிலைகொள்ளாமல் மடிந்து உடைகிறது. ஒரு மீட்டர் அலை என்றால் சுமார் ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில். உடையும் அலை மணலைக் கிளறிவிடுகிறது. மேலே அலை தண்ணீரைக் கரைக்குத் தள்ள, அடியில் ஒரு நீரோட்டம் அதைக் கடலுக்குத் திருப்புகிறது. இரண்டு பக்கமிருந்தும் வரும் மணல் அலை உடையும் இடத்தில் குவிந்து, கரைக்கு இணையாக ஒரு நீண்ட திட்டாகிறது. திட்டுக்கும் கரைக்கும் நடுவில் பள்ளம். கடலிலிருந்து வருபவருக்கு ஆழம் குறைந்துகொண்டே வரும், திட்டில் முழங்கால் அளவாகும், கரை வந்துவிட்டது என்று தோன்றும். அடுத்த அடியில் ஆளையே முழுங்கும் ஆழம்.

1971 டிசம்பர் நடுவில், கிழக்கு வங்கத்தின் காக்ஸ் பஜார் கரையில் நடந்தது இதுதான். தோற்றுக்கொண்டிருந்த பாகிஸ்தான் படை அந்த வழியாக பர்மாவுக்குத் தப்பிவிடாமல் தடுக்கக் கூர்க்கா வீரர்களை அங்கே இறக்கத் திட்டம். அதற்குப் போன கரியால், குல்தார் இரண்டும் மூக்கைக் கரையில் ஏற்றி, முன்கதவைத் திறந்து, சாய்பலகை வழியாக ஆட்களை இறக்கும் கப்பல்கள். மூக்கு மணலில் முட்டியது. சாய்பலகை இறங்கியது. முட்டியது கரை அல்ல, திட்டு. முன்னால் இருந்தது பள்ளம். துப்பாக்கியும் மூட்டையுமாக இறங்கியவர்களில் இரண்டு பேர் மூழ்கி இறந்தார்கள். கரையில் சுட ஆளே இல்லை. மீதிப் பேரை உள்ளூர்ப் படகுகள்தான் கரை சேர்த்தன. தன் கரையின் மேடுபள்ளத்தை மனப்பாடமாக வைத்திருந்த மீனவரின் படகு செய்ததை, நவீனக் கப்பலால் செய்ய முடியவில்லை.

சேறு, வேர், தேனீ

இந்தியா கேட்டில் கிழக்கு ஆப்பிரிக்கா என்று இருப்பதன் பின்னால் உள்ள ஒரு கதை டாங்கா. இன்றைய தான்சானியாவின் துறைமுக நகரம், அன்று ஜெர்மன் காலனி. 1914 அக்டோபரில் பம்பாயிலிருந்து கிளம்பிய சுமார் 8,000 பேர் கொண்ட படை நவம்பர் 2ஆம் தேதி அங்கே போய்ச் சேர்ந்தது. 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும், 61வது பயனியர் படையும் அதில் இருந்தன. இரண்டும் பழைய சென்னைப் படையின் மரபில் வந்தவை.

நகரத்துத் துறைமுகத்தை விட்டுவிட்டுச் சற்றுத் தள்ளி, ஆளில்லாத கரையில் இரவில் இறங்கினார்கள். பௌர்ணமியை ஒட்டிய நாட்கள். ஓதம் பெரிதாக ஏறி இறங்கும் வேளை. கரையோரம் முழுக்க அலையாத்திக் காடு. பிச்சாவரம் போனவர்களுக்கு அந்த இடத்தின் வாகு புரியும். ஈர்க்குக் குச்சிகள்போல் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்கள், வளைந்து ஊன்றிய முட்டுவேர்கள். அவை அலையின் வேகத்தைத் தணிக்க, தண்ணீரில் மிதந்து வந்த மிக நுண்ணிய களிமண் அங்கே படிகிறது. களித்துகள் ஒன்று மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. உப்புநீரில் அவை ஒன்றோடொன்று ஒட்டி, நடுநடுவே தண்ணீரைச் சிறைவைத்துப் பஞ்சுபோல் அடுக்குகின்றன. அசையாமல் கிடந்தால் திடமாகத் தெரியும். மிதித்தால் அடுக்கு கலைந்து கூழாகிவிடும். காலை இழுக்க இழுக்க உறிஞ்சிப் பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் கப்பலில் அடைபட்டுக் கிடந்தவர்கள் இந்தச் சேற்றில் இறங்கி, அதற்கு அப்பால் இருந்த அடர்ந்த தோட்டங்களுக்குள் நடந்தார்கள்.

நவம்பர் 4ஆம் தேதிச் சண்டையில் இரு தரப்புக்கும் பொதுவான ஒரு எதிரி வந்து சேர்ந்தது. குண்டுகள் பட்டு மரங்களில் இருந்த கூடுகள் கலைய, ஆப்பிரிக்கத் தேனீக்கள் படையெடுத்தன. 98வது இன்ஃபன்ட்ரி அதில் அதிகம் மாட்டியது. ஜெர்மானியர்கள் கம்பி கட்டி இழுத்துத் தேனீக்களை ஏவினார்கள் என்றுகூட வதந்தி கிளம்பியது. வேதியியல் அதைவிடச் சுவாரசியமானது. ஒரு தேனீ கொட்டியதும் அதன் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடுகிறது. அங்கிருந்து ஐசோபென்டைல் அசிடேட் என்ற ஆவி கிளம்புகிறது. வாழைப்பழ எசன்ஸில் வருகிற அதே வாசம். மற்றத் தேனீக்களுக்கு அது ‘இங்கேதான் எதிரி’ என்ற அறிவிப்பு. எனவே முதல் கொட்டு நூறு கொட்டுகளை அழைத்துவரும். ஓடினாலும் வாசம் கூடவே ஓடும்.

மறுநாள் படை திரும்பக் கப்பலேறியது. எண்ணூறு பேருக்கு மேல் இறந்தும் காயமுற்றும் போனார்கள். எதிரே நின்ற ஜெர்மன் தளபதி லெட்டோவ்-ஃபோர்பெக்கின் படை சுமார் ஆயிரம் பேர்தான். பழி முழுவதும் சிப்பாய்கள் தலையிலும் தேனீக்கள் மேலும் விழுந்தது. எந்தக் கரை, எப்படிப்பட்ட தரை என்று பார்க்காமல் அனுப்பியவர்கள் பேச்சில் சேறு அவ்வளவாக வரவில்லை.

அதே வாரத்தில், நவம்பர் 6ஆம் தேதி, பாரசீக வளைகுடாவின் முனையில் உள்ள ஃபாவில் இன்னொரு இந்தியப் படை இறங்கி வென்றது. மெசபடோமியப் போர் அங்கேதான் தொடங்கியது.

ஓதமே இல்லாத கரை

கல்லிபொலியில் கதை வேறு. மத்தியதரைக் கடல் ஏறக்குறைய மூடிய தொட்டி. மாக்கடலின் ஓதம் குறுகிய ஜிப்ரால்டர் வழியே அதற்குள் அதிகம் வர முடிவதில்லை. கல்லிபொலியை ஒட்டிய டார்டனெல்ஸ் பகுதியில் ஏற்ற இறக்கம் சென்டிமீட்டர் கணக்கில்தான். 1915 ஏப்ரல் 25ஆம் தேதி அங்கே இறங்கியவர்களுக்கு நிலாவின் கவலை இல்லை. அதன் மறுபக்கம்தான் சிக்கல்: தரைதட்டிய படகைத் தூக்கிவிட ஏறுகிற தண்ணீரும் வராது. ஹெல்லெஸ் முனையில் ‘ரிவர் கிளைடு’ என்ற நிலக்கரிக் கப்பலை வேண்டுமென்றே கரையில் மோதவிட்டு, பக்கவாட்டில் வெட்டிய வாசல்கள் வழியே வீரர்களை இறக்கத் திட்டமிட்டார்கள். கப்பல் கரைக்கு எட்டாமல் முன்பே தரைதட்டி நின்றுவிட்டது. இடைவெளியில் படகுகளைக் கட்டிப் பாலம் போட முயன்றபோது நீரோட்டம் அவற்றை இழுத்தது. பாலத்தில் நின்றவர்கள் எந்திரத் துப்பாக்கிக்கு இரையானார்கள்.

அதே நாளில் வடக்கே அன்சாக் கரையில் இந்திய மலைப் பீரங்கிப் படையினர் இறங்கினார்கள். அவர்களுடைய பீரங்கிகளைப் பாகம் பாகமாகக் கழற்றிக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றலாம். சக்கர வண்டி புதைகிற மணலிலும், செங்குத்தான ஓடைகளிலும் கழுதைக்கு வழி இருந்தது. வரைபடம் சொல்லாத தரையைக் கால் வைத்துச் சோதித்து நடக்கும் விலங்கு அது. தண்ணீரும் ரொட்டியும் தோட்டாவும் மாதக்கணக்கில் அந்த முதுகுகளில்தான் மேலே போயின. பிறகு வந்த கூர்க்கா, சீக்கியப் படைகளோடு சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்கே இறந்தார்கள். இன்று அந்தப் போர்க்களம் துருக்கியின் வரலாற்றுப் பூங்கா. 1973இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்த நிலத்தில் கல்லறைகளும் பதுங்குகுழிகளும் பைன் மரங்களும் கலந்து கிடக்கின்றன.

மண்ணைத் திருட நீந்தியவர்கள்

இரண்டாம் உலகப் போரில்தான் அந்த நடுப்பட்டையை ஒரு அறிவியலாகப் பார்க்கத் தொடங்கினார்கள். 1943 டிசம்பர் 31ஆம் தேதி இரவு, ஸ்காட்-பௌடன், ஆக்டன்-ஸ்மித் என்ற இரு பிரிட்டிஷ் வீரர்கள் ஜெர்மானியர் வசம் இருந்த நார்மண்டிக் கரைக்கு நீந்திப் போனார்கள். துப்பறிய அல்ல, துளையிட. மணலில் துளைக்கருவியை இறக்கி, எடுத்த மண்ணைக் குழாய்களில் அடைத்துக்கொண்டு திரும்பி நீந்தினார்கள். மேலே மணலாகத் தெரிந்தாலும் அடியில் களியோ கரிமண்ணோ இருந்தால் டாங்கி புதைந்துவிடும். மணல் துகள்கள் உராய்ந்து ஒன்றையொன்று தாங்கும். களியால் அப்படித் தாங்க முடியாது.

ஆசியாவுக்கு இதே வேலை டெல்லியில் தொடங்கியது. 1943இல் மவுண்ட்பேட்டன் தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமையகத்தை டெல்லியில் அமைத்து, கடலே தெரியாத அலுவலகங்களில் உட்கார்ந்து கடல்வழித் திட்டங்களைத் தீட்டவைத்தார். அடுத்த ஆண்டு தலைமையகம் கண்டிக்கு மாறியது. அந்த நீண்ட திட்டங்களின் கடைசி அத்தியாயம் மலாயாவின் மோரிப். 1945 செப்டம்பர் 9, ஜப்பான் சரணடைந்து ஒரு வாரம். எதிர்ப்பே இல்லை. இந்தியப் படைகள் இறங்கின. வண்டிகள் திட்டைத் தாண்டிப் பள்ளத்தில் மூழ்கின, தப்பியவை சேற்றில் புதைந்தன. ஜப்பானியர் மேட்டில் நின்று சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தளபதிகளே பின்னால் பேசிக்கொண்டார்கள். கிள்ளானிலிருந்து பந்திங்கைத் தாண்டிப் போகும் மலேசியத் தமிழர்களுக்கு மோரிப் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கடற்கரை. அங்கே, 46வது இந்தியக் கடற்கரைப் பிரிவு இறங்கியதைச் சொல்லும் நினைவுக்கல் ஒன்று நிற்கிறது. கரையில் இரும்பு வலை விரித்துப் பாதை போடுவது, புதைந்த வண்டியை இழுப்பது, கூட்டத்தைத் திருப்பிவிடுவது எல்லாம் அப்படிப்பட்ட பிரிவுகளின் வேலை. போர் நினைவுச் சின்னங்களில் சேற்றோடு மல்லுக்கட்டியவர்களுக்கென்று நிற்பது அபூர்வம்.

இன்று விமானத்திலிருந்து பச்சை லேசர் ஒளியைப் பாய்ச்சி, தெளிந்த தண்ணீருக்குள் தரையை அளக்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தில் அலைகள் எங்கே சுருங்குகின்றன என்று பார்த்தே ஆழத்தைக் கணிக்கிறார்கள். ஆனால் திட்டு நிலையானதல்ல. வடகிழக்குப் பருவமழைக் காலத்துப் பெரிய அலைகள் அதைக் கடல்பக்கம் தள்ளும். அமைதியான மாதங்களில் அது மெல்லக் கரைக்குத் திரும்பும். போன வருட வரைபடம் இந்த வருடக் கரைக்குப் பொருந்தாது.

இது படைகளுக்கு மட்டுமான அறிவு என்று விட்டுவிட முடியாது. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் மாமல்லபுரத்திலும் ஆண்டுதோறும் குளிக்க இறங்கி உயிரைவிடுபவர்கள் மாட்டுவது அதே திட்டிலும் பள்ளத்திலும்தான். திட்டைத் தாண்டி உள்ளே வந்த தண்ணீர், திட்டில் உள்ள இடைவெளி வழியாகக் கடலுக்கு விரைகிறது. அந்த இடைவெளியில் ஆழம் அதிகம் என்பதால் அலை உடைவதில்லை. இரு பக்கமும் வெள்ளை நுரை இருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் கருத்து, அமைதியாகத் தெரியும். நீச்சல் தெரியாதவர் ‘இங்கே அலை இல்லை’ என்று தேடிப்போய் இறங்குவது அங்கேதான். இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைக்கக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்துவிட்டால் அலையே கரைக்குத் தள்ளிவிடும். காக்ஸ் பஜாரில் இரண்டு உயிரைக் கொடுத்து இந்தியா கற்ற பாடத்தைப் பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கமாகப் போட்டால், கடற்கரை மாவட்டங்களில் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் சில பிள்ளைகள் வீடு திரும்புவார்கள்.